வத்சலா தொடாத கண்ணாடி

காலை பத்தேகால் மணிக்குக் கிழவர் ஔசேப்பச்சனைச் சக்கர நாற்காலியில் வைத்து வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள் ஹோம் நர்ஸ் வத்சலா. வழக்கம்போல வெயில் படும் ஓரத்தில் நிறுத்திவிட்டு, அவர் கால்மேல் துண்டைப் போடக் குனிந்தாள். அந்த நொடியில் வராந்தாவின் கண்ணாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு பலகை குண்டு வைத்ததுபோல் வெடித்துக் கொட்டியது. அவள் கிழவரின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து மூடிக்கொண்டாள். முதுகெல்லாம் கண்ணாடித் துணுக்குகள் அரிசிபோல விழுந்தன. கழுத்தில் இரண்டு சின்னக் கீறல், அவ்வளவுதான். கிழவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நான் தொடவே இல்ல, நாற்காலியும் படல. அதுவா உடைஞ்சது" என்றாள் வத்சலா.

அதுவாக உடையுமா கண்ணாடி? கிழவரின் மருமகள் டெஸ்ஸி நம்பவில்லை. தோஹாவில் இருக்கும் அவள் கணவன் வீடியோவில் பார்த்துவிட்டு, அவனும் நம்பவில்லை. நாற்காலியின் கால்மிதியில் ஒரு கீறல் இருந்தது. அது போதுமாக இருந்தது. ஹோம் நர்ஸ் அனுப்பும் ஏஜென்சிக்கு உடனே போன் போனது. மறுநாள் மூன்று மணிக்கு வண்டி வந்து வத்சலாவைக் கூட்டிப்போகும், வேறொருத்தி வருவாள் என்று முடிவாயிற்று.

டெஸ்ஸியின் அடுத்த போன் கண்ணாடி செய்த தொழிற்சாலைக்கு.

கொரட்டிக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் ஷைனி பதினான்கு வருடமாகத் தரப் பரிசோதனை பார்க்கிறாள். போன் வந்த நேரத்தில் அவள் மேஜைமேல் ஒரு கண்ணாடியை உடைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். அன்றன்று உலையில் பதமேறி வரும் சரக்கில் ஒரு பலகையை எடுத்து, ஓரத்தில் கூர் உளியால் ஒரு தட்டு. ஒரே மூச்சில் அது முழுக்க நொறுங்கும். ஐந்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டிய அட்டையை மேலே வைத்து, உள்ளே எத்தனை துண்டு என்று எண்ண வேண்டும். நாற்பதுக்குக் குறைந்தால் பதம் போதவில்லை என்று அர்த்தம். அன்று ஐம்பத்தி ஏழு.

"ஹம்சிக்கா, அம்பத்தேழு" என்று உலைப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

உலை ஓட்டும் ஹம்சா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்த இரைச்சலில் வாயால் பதில் சொல்லிப் பிரயோசனமில்லை. வெட்டி, துளை போட்டு, ஓரம் தேய்த்த கண்ணாடி, உருளைகள்மேல் படுத்து உலைக்குள் போகும். அறுநூற்றைம்பது டிகிரிக்குப் பக்கத்தில், இன்னும் கொஞ்சம் சூடு பட்டால் தொய்ந்துவிடும் என்ற நிலையில், உள்ளேயே முன்னும் பின்னும் உருண்டுகொண்டிருக்கும். வெளியே வந்ததும் மேலும் கீழும் நூற்றுக்கணக்கான குழல்கள் காற்றால் அறையும். மேல்தோல் சட்டென்று இறுகிவிடும். உள்ளே இருப்பது மெதுவாக ஆறிச் சுருங்கும்போது, ஏற்கெனவே இறுகிவிட்ட தோலை உள்நோக்கி இழுக்கும். தோல் நெருக்கிக்கொண்டு நிற்க, உள்பகுதி இழுத்துக்கொண்டு நிற்க, அந்தச் சண்டையில்தான் கண்ணாடிக்கு நாலைந்து மடங்கு பலம். உடைந்தாலும் கத்தியாக உடையாது, கல்கண்டாக உதிரும். அதன்பிறகு அதை வெட்டவும் முடியாது, துளைக்கவும் முடியாது. செய்ய வேண்டியதை எல்லாம் முன்பே செய்திருக்க வேண்டும்.

விற்பனை பார்க்கும் பினோய் கையில் ஒரு பழைய வேலை அட்டையோடு வந்தான்.

"இரிஞ்ஞாலக்குடையில ஒரு வீடு. வராந்தா, பால்கனி, மொத்தம் பன்னிரண்டு பலகை. ஒண்ணு போச்சு. நாளைக்கு நீ போய் அளவெடுத்துட்டு வா."

"அளவெடுக்க சஜி போதாதா?"

"நீதான் போகணும். நர்ஸு சக்கர நாற்காலியைக் கொண்டு இடிச்சுட்டாளாம். அவங்களே சொல்றாங்க. நமக்கு வேலை மிச்சம். 'வெளியிலிருந்து இடிபட்டு உடைந்தது'ன்னு படிவத்துல எழுதி, ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துரு."

அவன் போனபிறகு ஷைனி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பத்து மில்லிமீட்டர் கனம், பன்னிரண்டு பலகை, பிப்ரவரி மாதம். கீழே, 'சூட்டுச் சோதனை முடிந்தது' என்ற வரிக்கு நேரே அவளுடைய கையெழுத்து.

அவளுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது.

கண்ணாடி உருக்கும்போதே சில சமயம் கண்ணுக்குத் தெரியாத நிக்கல் துகள் ஒன்று உள்ளே மாட்டிக்கொள்ளும். சாதாரணக் கண்ணாடியில் அது சும்மா கிடக்கும். பதமேற்றிய கண்ணாடியில் அது ஆபத்து. உலையின் சூட்டில் சுருங்கிய துகள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் பருக்கும். இழுவை நிறைந்த நடுப்பகுதியில் அது இருந்தால், ஒருநாள் காரணமே இல்லாமல் பலகை வெடிக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பதமேற்றிய பலகைகளை இன்னொரு அறையில் அடுக்கி, இருநூற்றுத் தொண்ணூறு டிகிரியில் மணிக்கணக்கில் வேகவைப்பது. வெடிக்க இருப்பது அங்கேயே வெடித்துவிடும். எல்லாவற்றையும் அது பிடித்துவிடும் என்று யாரும் சத்தியம் செய்வதில்லை, ஆனால் பெரும்பாலும் பிடித்துவிடும்.

பிப்ரவரியில் அந்த அறையின் சூடாக்கும் கம்பி எரிந்துபோய் ஒரு வாரம் கிடந்தது. வெளியே லாரி நின்றது. வீட்டுக்காரர்களுக்குக் குடிபுகும் நாள் நெருங்கியிருந்தது. "ஆயிரத்துல ஒண்ணு அப்படி உடையும். அது இந்தப் பன்னிரண்டுலதான் இருக்கப்போகுதா? போடு ஷைனி" என்றான் பினோய். அவளும் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை வேனில் போகும்போது, மாதாவே, அந்த நர்ஸ் இடித்திருக்கட்டும் என்று அவள் மனம் வேண்டிக்கொண்டே போனது. வேண்டுவது என்ன என்று புரிந்தபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் வேண்டுதல் நிற்கவில்லை.

வேன் ஓட்டிய சஜி, கண்ணாடி பொருத்துபவனும் அவன்தான், பேச்சை நிறுத்தவேயில்லை. "சேச்சி ஏன் உம்முன்னு வர்றீங்க? வீட்டுல மீன் இல்லாம சோறா?"

"ரோட்டைப் பாருடா."

டெஸ்ஸி வாசலுக்கே வந்துவிட்டாள். முப்பது வயது, முகத்தில் ராத்திரி தூக்கமில்லாத களைப்பு. இடுப்பில் மூன்று வயதுப் பெண்குழந்தை.

"பாருங்க சேச்சி. புது வீடு, ஏழு மாசம்கூட ஆகல. பார்த்துத் தள்ளுங்க, பார்த்துத் தள்ளுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இடிச்சதைக்கூட ஒத்துக்கலாம். தானா வெடிச்சுதுன்னு பொய் சொன்னா யாருக்குத்தான் கோவம் வராது?"

வத்சலா உள்ளே கிழவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நெடுங்கண்டத்துக்காரி, நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் பிளாஸ்திரி. கதவுக்குப் பக்கத்தில் அவளுடைய பை கட்டித் தயாராக இருந்தது. ஷைனியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த வாய் கஞ்சியை நீட்டினாள். கிழவர்தான் ஸ்பூனை ஒதுக்கிவிட்டு, கோணிய வாயால், "இல்ல... இல்ல..." என்றார்.

"நேத்திலிருந்து இதையேதான் சொல்றாரு அப்பச்சன். பக்கவாதம் வந்ததுல இருந்து ரெண்டு மூணு வார்த்தைதான். பயந்துட்டார் பாவம்" என்றாள் டெஸ்ஸி.

வராந்தாவைப் பெருக்கியிருந்தார்கள். ஆனால் பலகையை அடியில் பிடித்திருந்த எஃகுக் காடியில், உடைந்த கண்ணாடி ஒரு சாண் உயரத்துக்கு உதிராமல் பல்வரிசைபோல் நின்றுகொண்டிருந்தது. ஷைனி தரையில் மண்டியிட்டாள்.

பதமேற்றிய கண்ணாடி உடையும்போது விரிசல் ஓர் இடத்தில் பிறந்து, அங்கிருந்து சூரியக் கதிர்போல் எல்லாப் பக்கமும் ஓடும். நாற்காலியின் கால்மிதி இடித்திருந்தால், கதிர்கள் இந்தச் சாண் உயரத்திலிருந்தே கிளம்பியிருக்க வேண்டும். இடிபட்ட இடத்தில் கண்ணாடி பொடியாகியிருக்க வேண்டும். இங்கே பொடியே இல்லை. துண்டுகளின் நீளவாட்டுக் கோடுகள் எல்லாம் மேலே, நடுவை நோக்கிச் சாய்ந்திருந்தன. அவள் விரலை வைத்து இரண்டு கோடுகளைக் காற்றில் நீட்டிப் பார்த்தாள். அவை நிற்பவரின் இடுப்பு உயரத்தில் போய்ச் சேர்ந்தன. எந்தச் சக்கர நாற்காலியின் கால்மிதியும் அவ்வளவு உயரத்தில் இடிக்காது.

வேண்டுதல் அந்த இடத்தில் செத்தது.

"சேச்சி, அளவு எடுக்கட்டுமா?" என்றான் சஜி.

"இரு. டெஸ்ஸி, பெருக்கினதையெல்லாம் எங்க போட்டீங்க?"

"பின்னால, பலாமரத்தடியில, ரெண்டு சாக்குல. ஏன்?"

"கொஞ்சம் பார்க்கணும்."

தார்ப்பாயை விரித்து இரண்டு சாக்கையும் கொட்டினார்கள். நல்லவேளையாக, பலகை முற்றத்தில் விழுந்தபோது எல்லாமே உதிர்ந்துவிடவில்லை. கையகலக் கட்டிகளாக நிறைய ஒட்டிக்கொண்டிருந்தன. ஷைனி கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டியாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்து ஒதுக்கினாள். அரைமணி நேரம் கழித்து எதிரே யாரோ உட்காரும் நிழல் விழுந்தது. வத்சலா.

"என்ன தேடுறீங்க?"

"மத்ததைவிடப் பெரிசா ரெண்டு துண்டு, ஒண்ணையொண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். வண்ணத்துப்பூச்சி ரெக்கையை விரிச்ச மாதிரி."

"அது இருந்தா?"

"நீங்க சொன்னது நெசம்னு ஆகும்."

வத்சலா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அப்ப எனக்கும் ஒரு கையுறை குடுங்க. மூணு மணிக்கு வண்டி வந்துரும்."

சஜியும் உட்கார்ந்தான். பன்னிரண்டு மணி வெயில் பலா இலைகளுக்குள் புகுந்து தார்ப்பாய்மேல் விழ, கண்ணாடி கண்ணைக் கூசச் செய்தது. வத்சலா ஓயாமல் தேடினாள். ஒருமுறை மட்டும், கையை நிறுத்தாமலே சொன்னாள்: "பதினோரு வருஷத்துல ஆறு வீடு. மூணு பேருக்கு என் கையாலதான் கண்ணை மூடிவிட்டேன். ஒரு வீட்டுலகூட என்னைப் பொய்க்காரின்னு சொன்னதில்ல. உடைச்சேன்னு சொல்றதுகூடப் பரவால்ல மோளே."

மகளே என்று அவள் கூப்பிட்டதும் ஷைனி குனிந்து அடுத்த கட்டியை எடுத்தாள்.

ஒன்றே கால் மணிக்கு வத்சலாவேதான் கண்டுபிடித்தாள். "இதுவா பாருங்க."

உள்ளங்கையளவுக் கட்டி. அதன் நடுவே, சுற்றியிருந்த பொடித்துண்டுகளைவிடப் பெரிதாக, ஆறு பக்கம் கொண்ட இரண்டு துண்டுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஷைனி பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தாள். இரண்டும் சேரும் கோட்டில், தடிமனின் நடு மத்தியில், ஊசிமுனையைவிடச் சின்னதாக ஒரு கரும்புள்ளி.

அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கட்டியைத் தார்ப்பாயில் தட்டினால் இருபது துண்டாக உதிரும். பிறகு யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது. அந்த நினைப்பு வராமல் இல்லை. ஆனால் பால்கனிக் கண்ணாடியின் நிழல் முற்றத்தில் விழுந்திருக்க, அந்த நிழலுக்குள் உட்கார்ந்து டெஸ்ஸியின் குழந்தை ஒரு பிளாஸ்டிக் வாளியில் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. அதே நாள், அதே சரக்கு. இன்னும் பதினொரு பலகைகள் நின்றுகொண்டிருந்தன.

"சஜி, குழந்தையைத் தூக்கிட்டு உள்ள போ. டெஸ்ஸியைக் கூப்பிடு."

டெஸ்ஸி வந்ததும் ஷைனி உருப்பெருக்கியை அவள் கையில் கொடுத்தாள். "அந்தப் புள்ளி தெரியுதா? அதுதான் உடைச்சது. கண்ணாடிக்குள்ளேயே இருந்தது. வத்சலா சேச்சி தொடல."

டெஸ்ஸி நம்பாமல் பார்த்தாள். "இத்துனூண்டு புள்ளியா? என் போன்ல ஒட்டியிருக்கிறதும் டெம்பர்டு கிளாஸ்னுதான் கடைக்காரன் சொன்னான். கீழ விழுந்தா கீறல்தான் விடுது, இப்படி வெடிக்கலையே?"

"அதுல பலதும் உருக்கின உப்புல முக்கிப் பதம் ஏத்தினது. தோல் மட்டும்தான் இறுகும், உள்ள இவ்வளவு இழுவை இருக்காது. இது சூடு பண்ணிக் காத்தடிச்சது."

"சரி, இப்படி உடையும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

கேள்வி நேராக வந்தது. ஷைனி வத்சலாவைப் பார்த்தாள், பிறகு டெஸ்ஸியைப் பார்த்தாள்.

"உடையக்கூடியதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கு. உங்க ஆர்டர்ல அது உண்டு. அந்த வாரம் அந்தச் சோதனை அறை ரிப்பேர். சோதனை செய்யாமலே செஞ்சதா எழுதி அனுப்பிட்டோம். எழுதினது நான். கையெழுத்து என்னோடது."

டெஸ்ஸியின் முகம் சிவந்தது.

"என் குழந்தை தினமும் அதுக்குக் கீழதான் விளையாடுது" என்றாள். குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் ஷைனிக்குத் தேவலையாக இருந்திருக்கும். "ஒரு வயசானவரை அதுக்குப் பக்கத்துல உட்காரவெச்சிருக்கோம். நீங்க எல்லாம் மனுஷங்கதானா?"

"திட்டுங்க. ஆனா இப்ப பதினொண்ணையும் கழட்டணும். இன்னைக்கே. அதுவரைக்கும் வராந்தாவுக்கு யாரும் வர வேண்டாம்."

சஜி ஏற்கெனவே வேனிலிருந்து கயிறு எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

டெஸ்ஸி வத்சலாவின் பக்கம் திரும்பினாள். "சேச்சி சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"இல்ல."

"வாங்க, கப்பக்கிழங்கும் மீன்கறியும் இருக்கு."

"அப்புறம் சாப்பிடுறேன்" என்றாள் வத்சலா. "முதல்ல ஏஜென்சிக்குப் போன் போடுங்க. என் முன்னாடி. ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்க."

டெஸ்ஸி போன் செய்தாள். தவறு தன்னுடையது, வத்சலா எதையும் உடைக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை என்று சொன்னாள். இரண்டாவது வாக்கியத்தில் குரல் கம்மியது. வத்சலா கேட்டு முடித்துவிட்டு உள்ளே போனாள். "சொல்லிட்டாங்க அப்பச்சா" என்று அவள் சொல்வது வெளியே கேட்டது. கிழவர் மறுபடி, "இல்ல... இல்ல..." என்றார். டெஸ்ஸி அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பயந்துபோய்ச் சொல்கிறார் என்றல்லவா நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்.

தொழிற்சாலையில் பினோய் படிவத்தைப் படித்துவிட்டுக் குதித்தான். "உனக்கென்ன பைத்தியமா? அவங்களே இடிச்சோம்னு சொல்லும்போது நீ போய்த் தலையைக் குடுத்துட்டு வர்றியே!"

"அவங்க இடிக்கல பினோய்."

முதலாளி குரியச்சன் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். வண்ணத்துப்பூச்சிக் கட்டி அவர் மேஜைமேல் ஒரு பேப்பரில் இருந்தது. அவர் முதலில் பினோயைத் திட்டினார். பிறகு ஷைனியிடம், "போய் உண்மையைச் சொன்னியே, அதுக்கு உன்னை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா பொய்யை எழுதினதும் இந்தக் கைதானே? இனி இந்தக் கை கையெழுத்துப் போட வேண்டாம்" என்றார்.

அந்த வாரம் சோதனையில்லாமல் வெளியே போன சரக்கு இன்னும் மூன்று இடத்துக்குப் போயிருந்தது. ஒரு பல் டாக்டர் கிளினிக், இரண்டு வீடு. மூன்று இடத்துக்கும் ஷைனியே நேரில் போய்ச் சொல்லவேண்டும் என்றார். சொன்னாள். ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் கேட்டைத் திறக்கவில்லை. மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. டெஸ்ஸியின் பால்கனிக்குப் புதிதாக, இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிசின் தாள் வைத்து ஒட்டிய பலகை போடுவதென்று தீர்மானித்தார்கள். அரைப்பதம் ஏற்றி மெதுவாக ஆறவைத்த கண்ணாடி; உடைந்தாலும் பெரிய பெரிய துண்டாகத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கும், தலையில் கொட்டாது. வராந்தாவுக்குக் கழற்றிய பழைய பலகைகளே போதும், சோதனை முடித்தபிறகு.

ஷைனியை ஓரம் தேய்க்கும் எந்திரத்துக்கு மாற்றினார்கள். நாள் முழுக்கத் தண்ணீரும் கண்ணாடிச் சேறும். முதல் வாரம் விரல்நுனி எல்லாம் வெளுத்து ஊறிப்போயிற்று.

கழற்றிய பதினொரு பலகைகளும் சோதனை அறைக்குள் போனது ஒரு வெள்ளிக்கிழமை. ஹம்சா பன்னிரண்டரை மணிக்கு ஜும்மா தொழுகைக்குப் போகுமுன் விசையைப் போட்டு, சூடு ஏற விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்ததும் ஷைனி எந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"உனக்கென்ன இங்க வேலை? சூப்பர்வைசர் பார்த்தா என்னைத்தான் பிடிப்பான்."

"சும்மா நிக்கிறேன் ஹம்சிக்கா."

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. கதவின் சின்னச் சாளரத்தில் பலகைகள் வரிசையாக, அமைதியாக நின்றன. ஹம்சா வாழைப்பழம் முக்கிப் பொரித்த பழம்பொரி ஒன்றைப் பிய்த்துப் பாதியை அவளுக்குக் கொடுத்தார். ஒன்றும் உடையாமல் போய்விட்டால், அவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று பினோய் கேட்பான். உடைந்தால், அது அந்த வீட்டிலேயே உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவளால் நினைக்கவே முடியவில்லை. எது நடக்க வேண்டும் என்று ஆசைப்படுவதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றேமுக்காலுக்கு அறைக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். இருவரும் சாளரத்தில் முகத்தை ஒட்டிப் பார்த்தார்கள். ஏழாவது இடத்தில் பலகை இல்லை. சட்டத்துக்கு அடியில் ஒரு வெள்ளைக் குவியல்.

"யா ரப்பே" என்றார் ஹம்சா, மெதுவாக. அட்டையைத் தேடி எண் பார்த்தார். "பால்கனி. நடுப் பலகை."

ஷைனி வெளியே வந்து, கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு வத்சலாவுக்குப் போன் செய்தாள். வத்சலா இன்னும் அந்த வீட்டில்தான் இருந்தாள். இரண்டு வாரம் பார்க்கிறேன், மனசு ஆறலேன்னா கிளம்பிடுவேன் என்று டெஸ்ஸியிடம் சொல்லிவைத்திருந்தாள். இது மூன்றாவது வாரம்.

"சேச்சி, இப்பத்தான் ஒண்ணு வெடிச்சது. பால்கனியில நின்னது."

போனில் வத்சலாவுக்குப் பின்னால் குழந்தை எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தது.

"எந்த மாதாவோ காப்பாத்தினா" என்றாள் வத்சலா. பிறகு, "உங்க வேலை?" என்று கேட்டாள்.

"இருக்கு. எந்திரத்துல நிக்கிறேன்."

"கை புண்ணாகியிருக்குமே. தேங்கா எண்ணெயில மஞ்சளைக் குழைச்சுப் போடு மோளே. சரி, வெந்நீர் ஆறுது, அப்பச்சனைக் குளிப்பாட்டணும். டெஸ்ஸிகிட்ட நான் சொல்லிடுறேன்."

போனை வைத்துவிட்டாள். உள்ளே காற்றுக் குழல்கள் மறுபடி இரைய ஆரம்பித்தன. அடுத்த கண்ணாடி உலையை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. ஷைனி கையுறையை மாட்டிக்கொண்டு தன் எந்திரத்துக்குப் போனாள்.